எல்லோரும் பார்த்த பிள்ளை

அணைக்கட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போன சி பிளாக் பிள்ளைகள் ஒன்பது பேரும், ஆடி முடிந்து ஆவணி பிறந்த ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, அனல்மின் நிலையக் குடியிருப்பின் மெயின் கேட் வழியாக நடந்து வந்து, மாடிப்படி ஏறி, அவரவர் வீட்டுக் கதவைத் தட்டி, பசிக்குது என்றார்கள்.

கேட்டில் இருந்த காவலாளி அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. தலையில் நீர் சொட்டச் சொட்ட வருகிற பிள்ளைகளை என்ன கேட்பது, சளி பிடிக்கும், சீக்கிரம் வீட்டுக்கு ஓடுங்க என்றுதான் சொன்னாராம். இரண்டாம் மாடி ரெஜினா கதவைத் திறந்து, வாசலில் தன் மகன் ஜெரோம் நிற்பதைப் பார்த்தாள். அவள் அலறவில்லை. உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, இவ்வளவு நேரம் எங்கடா சுத்திட்டு வர்றே என்று திட்டினாள். திட்டி முடித்த பிறகுதான் அழுதாள்.

மறுநாளே எல்லாம் பழகிவிட்டது. பிள்ளைகளின் தலை எத்தனை துவட்டினாலும் காயவில்லை என்பதால் சி பிளாக் பால்கனிகள் எல்லாவற்றிலும் எந்நேரமும் துண்டுகள் தொங்கின, கூட்டுறவுப் பண்டகசாலையில் துண்டு தீர்ந்து ஈரோட்டிலிருந்து தனியாக வரவழைத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டில் சோறு குறையாமல் அப்படியே இருந்தது, ஆனால் அந்தச் சோற்றை எடுத்து வாயில் வைத்தால் உப்பு இருக்காது, உப்பை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் அம்மாக்கள் உலை வைக்கும்போதே உப்பைக் கூடப் போட்டார்கள். வகுப்பு டீச்சர் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார், அவர்களும் உள்ளேன் டீச்சர் என்றார்கள். புகைபோக்கியிலிருந்து எல்லோர் மேலும் விழுகிற சாம்பல் அவர்கள் மேல் மட்டும் விழவில்லை. அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மூன்றாம் மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு பிள்ளை தட்டியது. அது ஆதிரை. நாலாம் வகுப்பு. அவளுடைய அம்மா உமையாள் கதவைத் திறந்தாள், வெளியே எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். எதிர்வீட்டு மும்தாஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தில் அறைந்த மாதிரி கதவு சாத்தினதை அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

உமையாள் கம்பெனி ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன். அவள் புருஷன் நடேசன் பாய்லர் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பாட்டு மேஜையில் ஆதிரையின் சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்தான்.

"எதுக்கு அது?" என்றாள் உமையாள்.

"வந்துட்டாடி நம்ம பிள்ள. எல்லாரும் பாத்துட்டாங்க. ரெஜினா பாத்தா, மும்தாஜ் பாத்தா, கேட்ல இருக்கிறவர் பாத்தாரு. உன் பக்கத்துலதான் நிக்கிறா, திரும்பிப் பாரு."

உமையாள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை. உலகத்தில் அவளைவிட அந்தப் பக்கம் திரும்ப ஆசைப்பட்டவர்கள் யாரும் கிடையாது. ஆனால் பாரு என்கிற சொல் காதில் விழுந்ததும் கழுத்து இறுகிப்போயிற்று, கையை வைத்துத் திருப்பினாலும் திரும்பாது என்பதுபோல. வெகுநேரம் கழித்து அவன் எழுந்து போன பிறகு திரும்பினாள். சுவர் இருந்தது. சுவரில் காலண்டர் இருந்தது.

அவளுக்கு இப்படி ஆனது பிள்ளை போன பிறகுதான். சுற்றுலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், அனுப்ப மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பெரிய காரணம் எதுவும் இல்லை, கனவு கினவு எதுவும் காணவில்லை, பிள்ளைக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவளுக்கு என்னமோ பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆதிரை ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அப்புறம் வராந்தாவில் பெண்கள் கூடினார்கள். எல்லாப் பிள்ளைங்களும் போகுதுங்க, உன் பிள்ள மட்டும் வாசல்ல நின்னு கை காட்டணுமா என்றாள் ரெஜினா. நீ ரொம்பப் பொத்திப் பொத்தி வளக்குற, நாளைக்கு அது எப்படித் தனியா நிக்கும் என்றாள் மும்தாஜ். அனுப்பேன், நாலு பேர் சொல்றாங்கல்ல என்றான் நடேசன். மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், கடைசியில், இத்தனை பேருக்கு முன்னால் தான் மட்டும் எதற்கு இப்படி நிற்கிறோம் என்று வெட்கப்பட்டு, போகட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவர்கள் மேல் கோபப்படவும் அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று. ரெஜினாவும் பிள்ளையைக் கொடுத்தவள், மும்தாஜும் தன் கடைக்குட்டியைக் கொடுத்தவள். சாவு வீட்டில் மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டுதான் கிடந்தார்கள். கோபம் போக இடம் இல்லாமல் உமையாளின் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் யாராவது சாப்பிடு என்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு பசியாக இருந்தாலும் சரி, சொன்னவர்கள் போன பிறகுதான் அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். படு என்றால் தூக்கம் போய்விடும். அழுது தீர்த்துடும்மா என்று யாரோ சொன்னதிலிருந்து அழவும் இல்லை.

இது எதுவும் தெரியாமல் சி பிளாக் அவளுக்காக ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தது. அவளுக்குத் திமிர் என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்துப் பழகியவள், கண்ணெதிரில் இருப்பதை எப்படி நம்புவாள் என்றார்கள் சிலர். சின்ன வயதில் சித்தியிடம் வளர்ந்தவள், பிடிக்காததை எல்லாம் வாயில் திணித்து வளர்த்திருப்பாள், அந்த வீம்பு என்றார்கள். பயம் என்றார்கள், பார்த்துவிட்டால் மறுபடியும் இழக்க வேண்டிவருமே என்கிற பயம். ஒருத்தி மட்டும், அவளுக்குப் பிள்ளை மேல் அவ்வளவு பாசம் இல்லையோ என்றாள். அதைச் சொன்னவளே அன்றைக்கு ராத்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து உமையாளின் கையில் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்துவிட்டு, ஒருதடவை பாருங்களேன் என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

கம்பெனி நிர்வாகம் பட்டணத்திலிருந்து சுபாஷினி என்கிற மனநல டாக்டரை அனுப்பியது. செத்த பிள்ளைகள் வந்ததாகச் சொல்கிற ஒரு பிளாக் முழுவதையும் குணப்படுத்துவது அவருக்குக் கொடுத்த வேலை. வந்த முதல் நாள் மாடிப்படியில் ஓடி வந்த ஒரு பையன் அவர்மேல் மோதி, புடவை முந்தானையை நனைத்துவிட்டு, சாரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் அன்றைக்கு விருந்தினர் விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். மறுநாள் எழுந்து, பார்க்கிறவர்களுக்கு ஒரு கோளாறும் இல்லை, பார்க்காதவருக்குத்தான் உதவி தேவை என்று சொல்லிவிட்டு, நேராக மூன்றாம் மாடிக்கு வந்தார்.

"மனுஷங்களுக்கு ஒரு குணம் உண்டும்மா," என்றார். "இது என் இஷ்டம்னு நாம வெச்சிருக்கிற ஒண்ணுல இன்னொருத்தர் கை வெச்சா, நமக்குப் பிடிச்சதா இருந்தாக்கூட வேணாம்னு தள்ளிடுவோம். பிடிக்காமத் தள்ளுறதில்ல. அது நம்மளோடதா இருக்கணுமேன்னு தள்ளுறது. இன்னொண்ணு, ஒரு தடவ நாலு பேர் பேச்சக் கேட்டுச் சுட்டுக்கிட்டவங்க, அடுத்த தடவ அதே நாலு பேர் உண்மையச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. உங்க மேல தப்பில்ல."

உமையாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "காரணம் தெரிஞ்சிட்டா தெரிவாளா டாக்டர்?"

"புரியலம்மா."

"என் பொண்ணு. ஏன் பாக்க முடியலன்னு தெரிஞ்சிட்டா, கண்ணுக்குத் தெரிவாளா?"

டாக்டர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். உமையாளே, அதுவரைக்கும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "இப்போ எங்க இருக்கா?"

"உங்க பக்கத்து நாற்காலியில. காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க வளையலத் தொடுறா."

உமையாள் தன் கையைப் பார்த்தாள். வளையல் இருந்தது. மெல்ல, மிக மெல்ல, அவள் கண் வளையலிலிருந்து நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, டாக்டர் பொறுக்கமாட்டாமல், "அப்படித்தான், கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றார். அந்தக் கண் அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகள் மெலிய ஆரம்பித்தார்கள். உடம்பு இளைக்கவில்லை, நிறம்தான் மெலிந்தது. ஜெரோமின் கையைப் பிடித்தால் உள்ளங்கை வழியாக ரெஜினாவுக்குத் தன் சேலைக்கரை தெரிந்தது. கோயிலில் விளக்குப் போட்டார்கள், மாதா கோயிலில் மன்றாடினார்கள், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் வாங்கி வந்தார்கள். அப்போதுதான் யாரோ ஆரம்பித்தார்கள், எட்டு வீடு ஏற்றுக்கொண்டு ஒரு வீடு மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் எப்படி நிலைப்பார்கள் என்று. அதுவரை பரிதாபமாக இருந்தது கோபமாக மாற அதிக நாள் ஆகவில்லை. உமையாளிடம் பேச்சை நிறுத்தினார்கள், அப்புறம் அதுவும் பொறுக்காமல் கூட்டமாக வந்தார்கள்.

"நம்ப வேணாங்க்கா," என்றாள் ரெஜினா. "உள்ள என்ன வேணா நெனச்சுக்கோ. எல்லாருக்கும் முன்னால வாயால ஒரு வார்த்த, என் பிள்ள வந்திருக்கான்னு சொல்லிடு. எங்க பிள்ளைங்களுக்காகச் சொல்லு. உன் காலுல வேணா விழுறேன்."

அவர்கள் கேட்டதற்காக அவள் சம்மதித்திருக்க மாட்டாள். ஆனால் முந்தின நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வந்தவள், நடேசன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் தட்டில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கியது. ஒரு பொய்யால் அந்த முதுகு நிமிருமென்றால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவளாகத்தான் முடிவு பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிளப்பிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சி பிளாக் மொத்தமும் வந்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் தொட்டி ஓரம் வரிசையாக நிற்பதாகச் சொன்னார்கள், ஆதிரை கடைசியில், குழாய்க்குப் பக்கத்தில். உமையாள் குழாய்க்குப் பக்கத்தில் போனாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத்தரையில் மண்டியிட்டாள், கையை நீட்டினாள். "ஆதிரை, அம்மா வந்திருக்கேன். வாடி தங்கம்" என்றாள். குரல்கூட நடுங்கவில்லை, அப்படி நன்றாகச் சொன்னாள்.

யாரும் கை தட்டவில்லை, யாரும் அழவில்லை. ரெஜினாதான் கடைசியில் சொன்னாள். "அக்கா... அவ அங்க இல்ல. நீ படியிறங்கி வர்றதப் பாத்ததுமே ஓடி வந்துட்டா. உன் முதுகுப் பக்கமா நிக்கிறா. உன் சேலையப் புடிச்சிட்டு நிக்கிறா."

நீட்டின கை நீட்டினபடி இருந்தது. திரும்பு உமையா என்றார்கள். திரும்பும்மா, ஒரே ஒருதடவை திரும்பு, பிள்ள அழுவுது, திரும்பு என்று சி பிளாக்கின் எல்லா வாய்களும் சேர்ந்து கெஞ்சின, நடேசனும் கெஞ்சினான், அவ்வளவு அன்பும் ஒரே சமயத்தில் அவள் பிடரியில் வந்து விழுந்தது. அவளால் திரும்ப முடியவில்லை. முழங்கால் மரத்துப்போகும்வரை அப்படியே கிடந்து, எழுந்து, திரும்பாமலே நேராக நடந்து, பின்பக்கப் படிக்கட்டு வழியாக வீட்டுக்குப் போனாள்.

கார்த்திகை நடுவில் ஜெரோம் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். மழை பிடித்துவிட்டது, அணை நிரம்பப்போகிறது, மதகு திறப்பதற்குள் திரும்பிப் போய்விட வேண்டும். எப்போ என்று ரெஜினா கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றான் அவன், பரீட்சைத் தேதி சொல்வதைப்போல. கம்பெனி ஒரு பஸ் கொடுத்தது. பெரியவர்கள் யாரும் ஏறக்கூடாது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். மெயின் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பலாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எல்லா வீட்டிலும் புளியோதரை மணந்தது, எல்லா வீட்டிலும் உப்பு கூடப் போட்டார்கள்.

நடேசன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். "உமையா. கடைசியா கேக்குறேன். வா."

"நீங்க போயிட்டு வாங்க."

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

உமையாள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் இறங்கிப் போனான். ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு வீடாக எல்லோரும் இறங்கிப் போனார்கள், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரைக்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சி பிளாக் கட்டி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் ஒரு குக்கர் கூவவில்லை, ஒரு டிவி பேசவில்லை, ஒரு மனிதக் குரல் இல்லை. உமையாள் அடுப்படி மேடையைத் துடைத்தாள். அவளைப் பாரு என்று சொல்ல ஆள் இல்லை, பார்க்காதே என்று சொல்லவும் ஆள் இல்லை.

"அம்மா, என்னோட இன்னொரு சாக்ஸ் எங்க?"

உமையாள் துணியைப் பிழிந்து போட்டுவிட்டுத் திரும்பினாள். அடுப்படி வாசலில் ஆதிரை ஒரு காலில் சாக்ஸோடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றுகொண்டிருந்தாள். சுற்றுலாவுக்குப் போட்டுவிட்ட மஞ்சள் சுடிதார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன். இல்ல."

உமையாள் போய்க் குனிந்து பார்த்தாள், இருந்தது. எடுத்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிவிட்டாள். கால் ஜில்லென்று இருந்தது. மூக்கைத் துடைத்துவிட்டாள். சீப்பை எடுத்து வந்து தலையை வாரினாள், வார வாரத் தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிச் சொட்டியது, அவள் துடைக்கவில்லை.

"ஏம்மா நீ என்கிட்ட பேசவே இல்ல?"

"எல்லாரும் பேசு பேசுன்னாங்கடி. என்னால முடியல."

ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அப்படித்தாம்மா. நானே குளிக்கலாம்னு துண்ட எடுப்பேன். அப்ப பாத்து நீ, போய்க் குளின்னு சொல்லுவ. உடனே குளிக்கவே பிடிக்காது."

உமையாள் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அழ ஆரம்பித்தாள், யாரும் சொல்லாமலே. "உன்ன அன்னிக்கு அனுப்பியிருக்கக் கூடாதுடி. எனக்குப் பிடிக்கவே இல்ல. வேணாம்னு சொன்னேன், சொன்னவ சொன்னபடி நின்னிருக்கணும்."

"எனக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சும்மா," என்றாள் ஆதிரை. "போட்டுல போனது நல்லா இருந்துச்சு. மொதல்ல."

ரெட்டை ஜடை பின்னுவது அவளுக்குப் பழகின வேலை, இருந்தும் அன்றைக்கு மெதுவாகப் பின்னினாள். இடதுபக்க ஜடையை முடிக்கும்போது அனல்மின் நிலையத்தின் இரண்டு மணிச் சங்கு ஊதியது, நீளமாக, ஷிஃப்ட் மாறுகிற சங்கு. ஆதிரை தலையை அசைத்தாள், உமையாள் அசையாதே என்று சொல்லவில்லை. வலது ஜடையையும் பின்னி முடித்தாள். இரு என்கிற சொல் அவள் வாய் நிறைய இருந்தது. அதைச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவாளோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்துக்கொண்டாள். பிள்ளை இன்னும் கொஞ்சநேரம் இருந்தாள், அவளாகவே. அம்மாவின் மடியில் தலையை வைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, சுடிதாரை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் போகட்டாம்மா?" என்றாள்.

உமையாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆதிரை கேட் பக்கம் போகவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகக் குதித்து இறங்கி, சாம்பல் குளத்து ரோட்டில், ஆற்றுப் பக்கமாக நடந்து போனாள். ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் மஞ்சள் தெரிந்தது.

நாலு மணிக்குமேல்தான் எல்லோரும் திரும்பி வந்தார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தமும் அழுகையும் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தன. நடேசன் வந்து கூடத்தில் உட்கார்ந்தான். மழையில் நனைந்திருந்தான். உமையாள் துண்டை எடுத்து வந்து அவன் தலையைத் துவட்டினாள், அவன் நிமிர்ந்து பார்த்தான், இத்தனை மாதத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல்.

"போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டா. ஜன்னல் ஓரமா உக்காந்தா, ஜெரோம் பக்கத்துல. ரெண்டு மணிச் சங்கு ஊதவும் பஸ் கிளம்புச்சு. கைய ஆட்டிக்கிட்டே போனா உமையா. பஸ் திரும்புற வரைக்கும் என்னயே பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே போனா."

உமையாளின் கை நின்றது.

சங்கு ஊதும்போது ஆதிரையின் இடதுபக்க ஜடை அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. மகள் அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை. நடேசன் யாருக்குக் கை காட்டினான்? எல்லோரும் கை காட்டினார்கள், அவனும் காட்டியிருக்கிறான். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், அவனும் பார்த்திருக்கிறான். அந்த முதல் ராத்திரி, உன் பக்கத்துலதான் நிக்கிறா என்று அவன் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதைத்தான். அவனும் ஒருநாளும் பிள்ளையைப் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல அவளுக்கு முடிந்தது, அவனுக்கு அதுகூட முடியவில்லை. எட்டு வீட்டுக்கு நடுவில், தன் கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கு இத்தனை மாதம் தட்டு வைத்து, சோறு பிசைந்து, யாரும் சாப்பிடாத அந்தச் சோற்றை உப்போடு தானே தின்றிருக்கிறான். இந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படியோ, அவளுக்குத் தெரியாது.

ஏங்க, அவ எங்கிட்ட வந்துட்டுப் போனா என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் உடனே, ஆமா, நானும் பாத்தேன் என்பான். அவனைப் பார்க்கப் பார்க்க அது தெரிந்தது.

அவள் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எதாவது சொன்னாளா?"

நடேசன் ஈரச் சட்டையின் பொத்தானைத் திருகினான். "அம்மாவத் திட்டாதீங்கப்பான்னு சொன்னா."

"அப்புறம்?"

"சாப்பாட்ட மறக்காம எடுத்துக்கிட்டா. நல்லாத்தான் இருந்தா."

"சளி இருந்துச்சா?"

அவன் விழித்தான். அவள் முகத்தையே பார்த்தான், அதில் என்ன பதில் இருக்கிறது என்று தேடுகிறவன்போல. உதடு கோணியது. "இல்லியே," என்றான், "சளி எல்லாம் இல்ல, சுத்தமா இருந்தா."

உமையாள் துண்டின் காய்ந்த முனையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அப்புறம், சொல்லுங்க," என்றாள்.